அத்தான் எந்த மாசம் லீவு போடணும்? நம்ம ஆத்துக்குத் தூண்டில் காலம் சொல்லுங்க

குடமுருட்டிக் கரை
அக்டோபர் 4, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். நான் பாபநாசம் பக்கத்து ஆளு. அக்காவும் அத்தானும் கனடாவுல மிசிசாகாவுல இருக்காங்க. செப்டம்பர் பொறந்தாப் போதும், ஒண்டாரியோ ஏரியிலேர்ந்து ஆத்துல ஏறுற சால்மனுக்கு அத்தான் தூண்டிலோட கெளம்பிடுவார். கடலுக்கே போகாம ஏரியிலயே வளர்ற நன்னீர்ச் சால்மன். எந்த வாரம் ஏறும், எந்த மழைக்கு ஏறும்னு எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அடுத்த வருஷம் பிள்ளைங்களோட மூணு வாரம் ஊருக்கு வர்றாங்க. "மாப்ள, இந்தத் தடவ பசங்களுக்கு நம்ம ஆத்துல தூண்டில் போடக் கத்துக்குடுக்கணும். எந்த மாசம் மீன் நல்லா எடுக்கும்னு கேட்டுச் சொல்லு, அதுக்குத் தக்கன டிக்கெட் போடுறேன்"னு சொல்லிட்டார். எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல. சின்ன வயசுல ஆடியில கெளுத்தி புடிச்ச ஞாபகம் மட்டுந்தான் இருக்கு. பெரியவனுக்குப் பத்து வயசு, சின்னவளுக்கு ஏழு. விரால், கெளுத்தி, கெண்டை எதுவானாலும் சரி. ஆடியா, தையா, சித்திரையா?


புதுத்தண்ணி
அக்டோபர் 4, இரவு 10:03

ஆனி, ஆடிதான் தம்பி. ஜூன் 12-ல மேட்டூர் தொறந்தா மூணு நாலு நாள்ல கல்லணைக்கு வந்துடும். அங்கேர்ந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரிச்சு விட்டு உங்க குடமுருட்டிக்கு வர இன்னும் ரெண்டு நாள் ஆகும். மணலா கெடந்த ஆத்துல நுரையும் சருகுமா தண்ணி உருண்டு வரும் பாருங்க, அன்னைக்குப் போடாதீங்க. தண்ணி செங்கலங்கலா இருக்கும், சருகு தூண்டில் முள்ளுல மாட்டிக்கிட்டே இருக்கும். நாலஞ்சு நாள் போகட்டும். கலங்கல் கொஞ்சம் தெளிஞ்சு, ஆனா அடி தெரியாம இருக்கணும். பொழுது சாயுற நேரம், மதகுக்குக் கீழ சுழிச்சு நிக்குற எடம், மண்புழு. ஒரு மணி நேரத்துல கெளுத்தி சட்டி நெறையும்.


வயல்வெளி அக்கா
அக்டோபர் 5, காலை 6:20

புதுத்தண்ணி அண்ணன் சொல்றது நெசந்தான், அப்ப மீன் நல்லா எடுக்கும். ஆனா ஏன் எடுக்குதுன்னு யோசிச்சுப் பாருங்கண்ணே. நான் வீட்டுல மீன் அரியறவ. புது தண்ணியில புடிச்ச கெளுத்திய அரிஞ்சா பாதிக்கு மேல வயிறு பூரா சினை. குட்டையிலயும் மடுவுலயும் கோடை முழுக்க உசுரப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தது, தண்ணி வந்ததும் முட்டை போட எடம் தேடி வாய்க்கால் ஏறுது. மதகு வாயில நாம தூண்டிலோட ஒக்காந்திருக்கோம்.

எங்க வயல்ல முன்னெல்லாம் நாத்து நட்டு பத்து நாள்ல வரப்போரம் கெண்டைக் குஞ்சு பளபளன்னு ஓடும். குருணைப் பூச்சி மருந்து போட ஆரம்பிச்சப்பறம் அது கொறைஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கறது ஏறி வர்ற நேரத்துலயாவது விடணும்னு எனக்குத் தோணுது. பிள்ளைங்களுக்குக் கத்துக்குடுக்கறதா இருந்தா அதையும் சேத்துக் கத்துக்குடுங்க.


கிரெடிட் ஆறு
அக்டோபர் 5, காலை 8:41

நான்தான் அந்த அத்தான். மச்சான் லிங்க் அனுப்பினார், சேர்ந்துட்டேன்.

அக்கா சொன்னதப் படிச்சதும் இங்க நடக்கறதச் சொல்லணும்னு தோணிச்சு. ஒண்டாரியோ ஏரியில நாங்க பிடிக்கிற சினூக், கோஹோங்கற ரெண்டு சால்மனும் இந்த ஏரியோட மீன் இல்ல. 1960-கள் கடைசியில பசிபிக் கரையிலேர்ந்து கொண்டாந்து விட்டது. அதுக்கு முன்ன இங்க அட்லாண்டிக் சால்மன் ஏராளமா இருந்திருக்கு. மாவு மில், மர மில்லுக்குன்னு ஆத்துக்கு ஆறு அணை போட்டாங்க, கரையோரக் காட்டை வெட்டினாங்க, அளவில்லாமப் பிடிச்சாங்க. 19-ஆம் நூற்றாண்டு முடியறப்ப அது ஏரியில ஒண்ணுகூட இல்ல. இப்ப திரும்பக் கொண்டுவரக் குஞ்சு விட்டு வளக்கறாங்க.

இங்க காலம்னா ஒரே காலம் இல்ல. மீன் எங்க இருக்குங்கறதப் பொறுத்தது. சினூக்குக்கு 10-லேர்ந்து 13 டிகிரி வரைக்கும் இருக்கற தண்ணி பிடிக்கும். ஏப்ரல் மேயில கரையோரத் தண்ணி முதல்ல சூடாகறதால கரைக்கிட்ட இருக்கும். ஜூலையில ஆழத்துக்குப் போயிடும், படகும் ஈயக் குண்டும் வேணும். வடக்குக் கரையில வடகாத்து ரெண்டு நாள் அடிச்சா மேல இருக்கற வெதுவெதுப்பான தண்ணிய ஏரி நடுவுக்குத் தள்ளிடும், அடியிலேர்ந்து குளிர்ந்த தண்ணி கரைக்கு ஏறும். அன்னைக்கு ஆகஸ்ட் மாசத்துலயும் கரையிலேர்ந்தே மீன் கிடைக்கும். ஆகஸ்ட் கடைசியில ஆத்து வாயில கூட ஆரம்பிக்கும். செப்டம்பர்ல ஒரு நல்ல மழை பெஞ்சு ஆறு ஏறினா ராத்திரியோட ராத்திரியா உள்ள போயிடும். மழைக்கு மறுநாள் கலங்கல். அதுக்கடுத்த நாள், தண்ணி எறங்கி டீ நிறத்துக்கு வரும்போது போகணும்.

இன்னொண்ணு. ஆத்துல ஏறின சால்மன் சாப்பிடாது. குடல் சுருங்கிடும். கோவத்துல கடிக்கும், பழக்கத்துல கடிக்கும், பசியில கடிக்காது. மேல போகப் போக ஒடம்பு கறுத்து, குழி பறிச்சுக் குழி பறிச்சு வால் தேஞ்சு வெள்ளையா எலும்பு தெரியும். முட்டை போட்டதும் செத்துடும். அந்த நேரத்துல பிடிச்சா கறியும் வெளிறிப் போய்த் தொளதொளன்னு இருக்கும். சாப்பிடணும்னா ஏரியில வெள்ளி மாதிரி இருக்கும்போது பிடிக்கணும். ஆறு வருஷமா நான் ஆத்துக்கு மேல பகுதியில தூண்டிலே போடறதில்ல, பசங்களக் கூட்டிட்டுப் போயி அது தடுப்பத் தாண்டிக் குதிக்கறதப் பாத்துட்டு வருவோம். அதனால நம்ம ஊர்லயும் ஏறுற மீன் வேண்டாம். வேற காலம் இருந்தாச் சொல்லுங்க.


பழைய தூண்டில்
அக்டோபர் 5, மதியம் 2:15

கிரெடிட் ஆறு தம்பிக்கு, நீங்க கேட்ட "வேற காலம்" நம்ம ஊருல தெளிவாவே இருக்கு. ஐம்பது வருஷமாத் தூண்டில் போடுறவன், கொஞ்சம் நீளமாச் சொல்றேன்.

அங்க தண்ணியோட சூட்டப் பாக்கறீங்க. இங்க மாசத்தப் பாக்காதீங்க, அணை ஷட்டரப் பாருங்க. மேட்டூர் ஜூன் 12-ல தொறந்து ஜனவரி 28-ல மூடறது வழக்கம். ஆனா 2022-ல மே 24-லயே தொறந்தாங்க. 2024-ல ஜூலை 28 வரைக்கும் தொறக்கல. ஆடின்னு நம்பி டிக்கெட் போட்டா மணல்ல உக்காந்துட்டுத் திரும்ப வேண்டியதுதான். தொறக்கற நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். தண்ணி வடியற காலம் அவ்வளவா மாறாது.

இப்ப ஐப்பசி, கார்த்திகை வருது. அடைமழை. வயலும் வாய்க்காலும் ஒண்ணாக் கெடக்கும். மீன் எங்க வேணும்னாலும் இருக்கும், அதனால நமக்கு எங்கயும் கெடைக்காது. விரால் குஞ்சு பொரிக்கறதும் முக்கியமா இந்த மழையிலதான். கோரைப்புல்லு ஓரத்துல செங்கல் நெறத்துல ஒரு கொத்து தண்ணி மேல கொதிக்கற மாதிரி அசையும். அது விரால் பார்ப்பு. தாயும் தகப்பனும் அடியிலயே நிக்கும். அந்தக் கொத்துக்கு நடுவுல எதப் போட்டாலும் ஆத்திரத்தோட வந்து கவ்வும். அதத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு அடிக்கறவங்க உண்டு. தாயத் தூக்கின ஒரு மணி நேரத்துல கெளுத்தியும் சிலேபியும் குஞ்ச வாரித் தின்னுடும். கையில ஒரு விரால், போனது ஒரு கொத்து. நானும் வாலிபத்துல அப்படி எடுத்திருக்கேன். நாப்பது வருஷமாச்சு, அந்தக் குளத்துல அந்த மூலை இன்னைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு.

மார்கழியில தண்ணி குளிர்ந்து கெடக்கும். காலையில போயிப் பிரயோசனமில்ல, பத்து மணி வெயிலுக்கு மேல கெண்டை கொஞ்சம் அசையும்.

தை பொறந்து சம்பா அறுப்பு. ஷட்டர் எறங்கும். வயல்ல இருந்ததெல்லாம் வாய்க்காலுக்கு, வாய்க்கால்ல இருந்தது ஆத்து மடுவுக்குன்னு மீன் எறங்கும். தண்ணி தெளியும், பரப்பு குறையும். வயல்ல உளுந்து மொளைக்கற சமயம் பாருங்க, ஆத்துல அங்கங்க மடு மட்டும் நிக்கும். அதுதான் காலம். மாசி, பங்குனி. சித்திரை வெயில் ஏறிட்டா விராலுக்கு நல்லது, பிள்ளைங்களுக்கு ஆகாது. அதோட அப்பத்தான் குளம் வத்தி, ஊர் கூடி ஊத்தாக் கூடை வச்சு அரிச்சிடுவாங்க, அப்புறம் தூண்டிலுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

விரால் தண்ணியில மட்டும் மூச்சு விடாது, மேல வந்து காத்து குடிக்கும். மாசி வெயில்ல காலையில ஏழு மணிக்குக் குளத்தோரம் அசையாம நில்லுங்க. அல்லி எலைக்கு நடுவுல "ப்ளக்"னு ஒரு சத்தம், ஒரு வளையம், ரெண்டு குமிழி. அந்த வளையத்துல போடாதீங்க. நாலு அடி தாண்டிப் போட்டு, ரப்பர் தவளைய எலை மேல இழுத்துக்கிட்டு வாங்க. அடிச்ச ஒடனே சுண்டினா வாயிலேர்ந்து வெறும் தவளைதான் வரும். மூணு எண்ணிட்டுச் சுண்டணும். உயிர்த் தவளையக் குத்தறத நான் விட்டுட்டேன், ரப்பர் தவளைக்கே நல்லா அடிக்குது.

பிள்ளைங்களுக்கு விரால் வேண்டாம், பொறுமை போயிடும். நெட்டித் தக்கை (நெட்டிங்கற தண்ணிச் செடித் தண்டுல சீவின மிதவை), சின்னத் தூண்டில் முள்ளு, மண்புழு. தக்கையப் படிக்கக் கத்துக்குடுங்க. நடுங்கிக்கிட்டே நின்னா கெண்டை கொறிக்குது. படுத்துட்டா சிலேபி தூக்குது. நேரா உள்ள போனா கெளுத்தி. பக்கவாட்டுல தர தரன்னு ஓடினா குறவை. கெளுத்தி வந்தா பசங்க கை வைக்க வேண்டாம். முதுகுல ஒரு முள்ளு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. ரெண்டு பக்க முள்ளுக்குப் பின்னாடி ரெண்டு விரலைக் குடுத்து, முதுகு முள்ள உள்ளங்கைக்கு முன்னாடி விட்டுப் புடிக்கணும். குத்திட்டா ராத்திரி பூரா கடுக்கும்.


அணைக்கரை
அக்டோபர் 5, மாலை 6:50

கனடாக்காரர் அணை போட்டு சால்மன் போன கதையச் சொன்னாரே, படிச்சுட்டுச் சும்மா இருக்க முடியல. நமக்கும் அப்படி ஒண்ணு இருந்தது. உள்ளம் மீன். வங்காளத்துல இலீஷ்னு உயிரையே வைப்பாங்களே, அதே மீன். கடல்ல வளந்து வெள்ளக் காலத்துல கொள்ளிடத்துல ஏறும், காவிரிக்கும் போகும், நல்ல தண்ணியில முட்டை போடும். சால்மன் செய்யற அதே காரியம். 1830-கள்ல ஆர்தர் காட்டன் காலத்துல எங்க ஊர்ல கீழணை வந்துச்சு. 1934-ல மேலே மேட்டூர் வந்துச்சு. வெள்ளமும் கட்டுக்குள்ள போச்சு, வழியும் அடைஞ்சு போச்சு. அணையால நாம சோறு திங்கறோம், அதக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா எங்க அப்பா அவர் தாத்தா சொன்னதா உள்ளம் மீனப் பத்திச் சொல்லுவார். நான் ஆத்துல ஒண்ணுகூடப் பாத்ததில்ல. மீன் மார்க்கெட்ல ஐஸ்ல பாத்ததோட சரி.

ஏறுற மீன விடுங்கன்னு அக்கா சொன்னது எனக்கு அதனாலதான் ரொம்பச் சரியாப் படுது.


முகத்துவாரம்
அக்டோபர் 5, இரவு 8:30

நாகப்பட்டினம் பக்கம். ஒரு சின்னத் தகவல். இங்க கடையில "இந்தியன் சால்மன்"னு விக்கறது காலா மீன். சால்மனுக்கும் அதுக்கும் ஒறவு இல்ல, தாடி மாதிரி நாலு இழை தொங்கும் பாருங்க. ருசியான மீன்தான், பேர் மட்டும் வேற.

சால்மனுக்கு நேர் எதிரா வாழறது நம்ம விலாங்கு. ஆத்துல வளரும், முட்டை போடக் கடலுக்குப் போகும். கொடுவாவும் அப்படித்தான், குஞ்சு உப்பங்கழிக்குள்ள ஏறி வளந்துட்டுப் பெருசானதும் முட்டை போட முகத்துவாரத்துக்கு எறங்கும். கொடுவாவுக்குத் தூண்டில் போடணும்னா பங்குனி, சித்திரையில ஓதம், அதாவது கடல் தண்ணி, ஏறுற நேரம் வாங்க. பௌர்ணமி, அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்ன பின்ன.

நெசமான சால்மன் குடும்பம் வேணும்னா நீலகிரிக்குப் போங்க. அவலாஞ்சியில வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து டிரவுட் குஞ்சு பொரிக்கறாங்க. அந்தத் தண்ணி குந்தா வழியா பவானிக்கு வந்து கடைசியில காவிரியிலதான் சேருது. ஆனா அது குளிர்ந்த தண்ணி மீன், மலைய விட்டு எறங்காது.


புதுத்தண்ணி
அக்டோபர் 5, இரவு 9:44

அக்கா, பெரியவர் ரெண்டு பேருக்கும். சினை மீனப் பத்தி நீங்க சொன்னதுல எனக்கு மறுப்பு இல்ல. எங்க வீட்டுலயும் சினைய எடுத்துத் தனியா வறுப்பாங்க, அதச் சாப்பிட்டு வளந்தவன்தான். ஆனா ஆடியே கூடாதுன்னு சொல்லாதீங்க. தண்ணி வந்து ஒரு மாசம் ஆனப்பறம், ஆவணி பொறக்கற சமயத்துல, ஏறினது ஏறி முடிஞ்சிருக்கும். அப்ப பாசி படிஞ்ச படித்துறையில கெண்டை மேயும். பிசைஞ்ச கோதுமை மாவுல கொஞ்சம் புண்ணாக்கு. பிள்ளைங்களுக்கு அது நல்ல வெளையாட்டு. பள்ளிக்கூட லீவும் அங்க ஜூலை ஆகஸ்ட்தானே?


பழைய தூண்டில்
அக்டோபர் 5, இரவு 10:10

ஆவணிக் கெண்டைக்கு நான் ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு யோசிங்க. அப்ப ஆறு கரை நெறைய ஓடும். ஏழு வயசுப் பிள்ளையப் படித்துறையில விட்டுட்டுத் தக்கையப் பாக்க முடியுமா? முக்கொம்பு, கல்லணை, கீழணை எதுக்கும் கீழ போயி நிக்கவே கூடாது, மேல எவ்வளவு தொறக்கறாங்கன்னு நமக்குத் தெரியாது. கொள்ளிடத்துல மணல் எடுத்த பள்ளம் தண்ணிக்கடியில கெணறு மாதிரி இருக்கும், நீச்சல் தெரிஞ்சவனையே உள்ள இழுக்கும். மாசியில முழங்கால் தண்ணி, அடி மணல் கண்ணுக்குத் தெரியும்.


வயல்வெளி அக்கா
அக்டோபர் 6, காலை 5:55

குளம் குட்டைன்னா குத்தகைக்கு எடுத்தவரக் கேட்டுட்டுப் போடுங்க. அவர் காசு போட்டு ரோகு, கட்லா குஞ்சு விட்டிருப்பார். சொல்லிட்டுப் போனா பெரும்பாலும் மறுக்க மாட்டாங்க. கரண்டு வச்சுப் புடிக்கற ஆளுங்க இருக்கற எடத்துப் பக்கம் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போகவே போகாதீங்க. அது குத்தம், ஆபத்தும்கூட.


கிரெடிட் ஆறு
அக்டோபர் 6, காலை 9:20

முடிவு பண்ணிட்டேன். இங்க மார்ச் நடுவுல பள்ளிக்கு ஒரு வாரம் லீவு. முன்ன ஒரு வாரம், பின்ன ஒரு வாரம் சேர்த்து லெட்டர் குடுத்துக்கறேன். மாசி கடைசி, பங்குனி தொடக்கம். இங்க அப்ப ஆறு பாதி பனிக்கட்டியா இருக்கும், நான் எழந்து போறது ஒண்ணுமில்ல. ஐயா, நெட்டித் தக்கை இப்பவும் கெடைக்குமா?


பழைய தூண்டில்
அக்டோபர் 6, காலை 11:02

கடையில பிளாஸ்டிக்தான் இருக்கும். நெட்டி வேலை செய்யறவங்க தஞ்சாவூர்ல இருக்காங்க, துண்டு விழுந்தது கேட்டா ஒரு பை குடுப்பாங்க. நான் சீவி வைக்கறேன்.


குடமுருட்டிக் கரை
மார்ச் 24, இரவு 8:37

எல்லாருக்கும் சொல்லணும்னு திரும்ப வந்தேன். நேத்துதான் அவங்களத் திருச்சியில ஏத்தி விட்டேன்.

மொத வாரம் ஒண்ணும் சரியா வரல. ரெண்டு நாள் மேகமூட்டம், விரால் மேலயே வரல. மூணாவது நாள் குத்தகைக்காரர் கிட்டக் கேட்டு ஒரு அல்லிக் குளத்துக்குப் போனோம். அத்தான் பழக்க தோஷத்துல அடிச்ச ஒடனே சுண்டி ரெண்ட விட்டார். மூணாவதுக்கு வாய்விட்டு எண்ணினார், ஒண்ணரைக் கிலோ விரால் வந்துச்சு. அத வீட்டுக்குக் கொண்டாந்தோம், அக்கா பழைய மண்சட்டியில கொழம்பு வச்சாங்க.

ஆனா பிள்ளைங்களுக்கு நடந்தது குடமுருட்டி மடுவுலதான். சாயங்காலம் அஞ்சு மணி. சின்னவ தக்கையவே பாத்துக்கிட்டு இருந்தா. நடுங்குது, நடுங்குது, நிக்குது. "கெண்டை"ன்னா. இழுத்தா விரல் நீளத்துக்குக் கெண்டை. அத விட்டுட்டு மறுபடி போட்டா. இந்தத் தடவ தக்கை சத்தமே இல்லாம நேரா உள்ள போச்சு. "அப்பா, கை வைக்காதீங்க, கெளுத்தி!"ன்னு கத்திட்டே இழுத்தா. மணல்ல கெடந்து அது "கிர்ர் கிர்ர்"னு சத்தம் போட்டுச்சு. மீன் பேசுமான்னு கேட்டா. அத்தானுக்கே அது தெரியாது, முள்ள மூட்டுல தேய்ச்சுச் சத்தம் போடுதுன்னு பக்கத்துல மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்த ஐயாதான் சொன்னார். சட்டியில எட்டு கெளுத்தி சேந்துச்சு.

வயல்வெளி அக்கா, அரியும்போது பாத்தோம். ஒண்ணுலகூட சினை இல்ல.


கிரெடிட் ஆறு
மார்ச் 26, இரவு 11:15

வந்து சேந்துட்டோம். இங்க மைனஸ் நாலு. பெரியவன் நெட்டித் தக்கை ரெண்டப் பையில வச்சுக் கொண்டாந்திருக்கான், மே மாசம் ஏரியில போடணுமாம். ஐயா, ஒரு சந்தேகம். கடைசி நாள் அது கொஞ்சம் கொஞ்சமா அமிழ ஆரம்பிச்சுது. ஏன்?


பழைய தூண்டில்
மார்ச் 27, காலை 6:05

நெட்டி தண்ணி குடிச்சிருக்கும். நெழல்ல ரெண்டு நாள் காய வச்சு, மெழுகுவத்திய உருக்கித் தோச்சு எடுங்க. சீவின முனையில ரெண்டு தடவ தோய்க்கணும், அது வழியாத்தான் உள்ள ஏறும்.